கடுகெண்ணெய் மணக்கும் ஊரில் குடும்பம் நடத்த: கொல்கத்தாவுக்கு வரும் தமிழர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகியோ புதிதாக வேலை கிடைத்தோ கொல்கத்தாவுக்கு வருகிறவர்கள், வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அமைந்தவுடன் அடுத்துக் கேட்பது, நம் ஊர்ச் சாமான் எங்கே கிடைக்கும் என்பதுதான். அதற்கு விடை சொல்வது எளிது. தெற்குக் கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டியுள்ள லேக் மார்க்கெட் பகுதியில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். கறிவேப்பிலை, நல்லெண்ணெய், அப்பளம், காப்பித்தூள், வாழையிலை என நமக்கு வேண்டியவை பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும். ஆனால் அந்த விடையோடு நின்றுவிட்டவர்கள், பத்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்த பிறகும் இந்த ஊர்ச் சாப்பாட்டை அந்நியமாகவே பார்த்துக்கொண்டு திரும்பிப் போவதை நான் கண்டிருக்கிறேன். நானும் நாகப்பட்டினத்திலிருந்து வந்த முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஊரிலிருந்து வரும் சாம்பார்ப் பொடி டப்பா காலியாகும் நாளை எண்ணிக் கவலைப்பட்டதைத் தவிர, பக்கத்து வீட்டில் என்ன கொதிக்கிறது என்று கேட்டதே இல்லை.

எங்கள் குடும்பத்துக்குப் பயன்பட்ட ஏற்பாடு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காலைப் பலகாரத்தையும் இரவுச் சாப்பாட்டையும் நம் வழக்கப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மதியங்களை மட்டும் இந்த ஊருக்குக் கொடுங்கள். வங்காளிகளின் சமையல் முழு உருவத்தில் தெரிவது மதியச் சாப்பாட்டில்தான் என்பதால் இந்த ஏற்பாடு பொருத்தமானது. இட்லியும் தோசையும் காலையில் கிடைத்துவிட்டால் குழந்தைகளும் பெரியவர்களும் மதியத்தில் வரும் புதுச் சுவையை எதிர்த்து நிற்பதில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முயல்கிற வீட்டில் வயிறும் மனமும் ஒன்றாகக் கெடுகின்றன.

அரிசியும் பழையதும்

விந்திய மலையைத் தாண்டினால் சப்பாத்திதான் என்று எண்ணி வருகிறவர்களுக்கு வங்கம் பெரிய ஆறுதலைத் தரும். இங்கே அன்றாட உணவு சோறுதான்; அதுவும் பெரும்பாலும் புழுங்கல் அரிசிச் சோறு. கடையில் ‘ஷித்தோ சால்’ என்று கேட்டால் புழுங்கல் அரிசியும், ‘ஆதப் சால்’ என்று கேட்டால் பச்சரிசியும் தருவார்கள். மினிகேட் என்ற பெயரில் விற்பது மெலிந்த, நன்றாகத் தீட்டிய அரிசி. ஸ்வர்ணா சற்றுத் தடித்தது, விலையும் குறைவு. முதல் மாதம் மூட்டையாக எதையும் வாங்காமல் இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு கிலோ வாங்கி, வழக்கமாக வைக்கும் குழம்போடு சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். இட்லி அரிசி கிடைக்காத வாரத்தில் ஸ்வர்ணா புழுங்கல் அரிசியில் மாவு அரைத்தாலும் இட்லி நன்றாகவே வரும்.

பாயசத்துக்கும் பொங்கலுக்கும் கோவிந்தபோக் அரிசியை வாங்குங்கள். குட்டையான, மணமுள்ள பச்சரிசி அது. நம் சீரகச் சம்பாவை அறிந்தவர்களுக்கு அதன் மணம் உடனே பிடித்துப்போகும். 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற அரிசி இது. பூஜை நாள்களில் படைக்கும் கிச்சடிக்கும் பாயசத்துக்கும் வங்காளிகள் இதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

இந்த ஊரோடு எனக்கு முதலில் உறவு ஏற்பட்டது, கீழ்வீட்டு அம்மாள் ஒரு சித்திரை வெயிலில் தட்டில் வைத்துத் தந்த ‘பாந்தா பாத்’ வழியாகத்தான். இரவில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்து, மறுநாள் உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, கூடவே ஏதேனும் ஒரு வறுவலோடு உண்ணும் அந்த உணவு, நம் பழைய சோறேதான். மேலே சில துளி கடுகெண்ணெய் விடுவது ஒன்றே வேறுபாடு. புது ஊரின் உணவைப் பழகத் தொடங்குகிறவர்கள் இப்படிப்பட்ட உறவுப் பொருள்களிலிருந்து தொடங்குவது நல்லது. வாழைப்பூவை இங்கே மோச்சா என்றும், வாழைத்தண்டைத் தோர் என்றும் சொல்கிறார்கள். முருங்கைக்காயும் முருங்கைப்பூவும் குளிர்காலத்தின் இறுதியில் சந்தைக்கு வருகின்றன. கொடிப்பசலை, பீர்க்கங்காய், சுரைக்காய், பலாப் பிஞ்சு ஆகிய அனைத்தும் உண்டு. உளுந்தை அரைத்துக் கிள்ளி வைத்து வெயிலில் காயவைக்கும் ‘போரி’ நம் வடகத்துக்கு உடன்பிறப்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காய் தெரிந்தது என்பதற்காக அதில் நம் தேங்காயையும் கறிவேப்பிலையையும் போட்டுவிட்டால் நமக்குத் தெரிந்த பொரியலே மறுபடி கிடைக்கும். இரண்டு மதியங்களிலாவது அந்தக் காயை அவர்கள் சமைக்கும் விதத்தில் சமையுங்கள்.

கடுகெண்ணெயைக் கையாளும் முறை

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். நாம் கடுகைத் தாளிக்கிறோமே தவிர, கடுகின் எண்ணெயில் சமைத்தவர்கள் அல்லர். பாட்டிலைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் அந்தக் காரத்தைப் பச்சையாகவே சமையலில் விட்டால், முதல் வாய்க்கே வெறுப்பு வந்துவிடும். வாணலியில் எண்ணெயை ஊற்றி, மெல்லிய புகை எழுந்து மஞ்சள் நிறம் வெளிறும் வரை காயவிடுங்கள். பிறகு அடுப்பைத் தணித்து, சூடு சற்றே இறங்கிய பின் தாளிப்பைப் போடுங்கள். புகை எழும் சூட்டிலேயே தாளித்தால் சீரகமும் வெந்தயமும் கருகிக் கசக்கும். காயவைக்கும்போது சமையலறைச் சன்னலைத் திறந்து வையுங்கள்.

முதல் இரண்டு வாரங்களுக்கு, வழக்கமாகப் பயன்படுத்தும் எண்ணெயையும் கடுகெண்ணெயையும் பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்தலாம். கத்தரிக்காயை வட்டமாகத் தடித்து நறுக்கி, மஞ்சளும் உப்பும் தடவி, கடுகெண்ணெயில் இருபுறமும் சிவக்க வறுக்கும் ‘பேகுன் பாஜா’, தொடக்கத்துக்கு மிக ஏற்றது. எங்கள் வீட்டில் கடுகெண்ணெய் ஒப்புதல் பெற்றது இந்த வறுவலால்தான். அது பழகிய பின், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் உப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து ஒரு தேக்கரண்டி பச்சைக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து பாருங்கள். இந்த ஊர்க்காரர்கள் வெளியூரிலிருந்து வீடு திரும்பியதும் சுடுசோற்றோடு கேட்பது இதைத்தான்.

தாளிப்பைப் பொறுத்தவரை, ‘பாஞ்ச் ஃபோரன்’ என்ற கலவையை வாங்கி வையுங்கள். பாஞ்ச் என்றால் ஐந்து, ஃபோரன் என்றால் தாளிப்பு. சீரகம், கருஞ்சீரகம், வெந்தயம், சோம்பு ஆகிய நான்கோடு ஐந்தாவதாக ராந்துனி என்னும், ஓமத்தைப் போன்ற சிறு விதை சேரும்; அது கிடைக்காத இடங்களில் கடுகைச் சேர்ப்பார்கள். இவற்றைப் பொடிக்காமல் முழுதாகவே போட வேண்டும். கடுகை அரைத்துச் சேர்க்கும் குழம்புகளுக்கு, கடுகைச் சிறிது நேரம் ஊறவைத்து, பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரையுங்கள். கறுப்புக் கடுகோடு மஞ்சள் கடுகையும் கலந்தால் கசப்பு குறையும். நீண்ட நேரம் அரைத்தாலும் கசக்கும் என்பதை இரண்டு முறை குழம்பைக் கீழே கொட்டிய பிறகே கற்றுக்கொண்டேன்.

பருப்பிலும் காயிலும் ஒரு சிட்டிகைச் சர்க்கரை சேர்ப்பதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அது இனிப்புக்காக அன்று. உப்பையும் காரத்தையும் சமன் செய்வதற்காகச் சேர்ப்பது. எல்லா வீடுகளிலும் ஒரே அளவும் இல்லை. மேற்கு வங்கத்தின் பூர்வகுடிகளான ‘கோட்டி’க் குடும்பங்களில் சர்க்கரை சற்றுத் தூக்கலாகவும், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ‘பாங்கால்’ குடும்பங்களில் காரம் தூக்கலாகவும் இருக்கும் என்பது வழக்கு. காரம் விரும்புகிறவர்கள் பாங்கால் வீட்டுச் சமையலிலிருந்து தொடங்கினால் எளிதாக இருக்கும்.

தட்டின் வரிசை

நம் விருந்தில் இலையின் ஓரத்தில் முதலில் இனிப்பை வைப்போம். வங்காளிகளின் மதியச் சாப்பாடு கசப்பில் தொடங்குகிறது. சிறு பாகற்காய், வாழைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, போரி ஆகியவற்றைச் சேர்த்து, ராந்துனி மணக்கச் சிறிது பாலும் விட்டு இறக்கும் ‘ஷுக்தோ’தான் சோற்றோடு முதலில் வருவது. பிறகு பருப்பும் ஒரு வறுவலும், அதன் பின் காய்கறிக் கூட்டு, அடுத்து மீன், அதன் பின் இறைச்சி, கடைசியில் தக்காளியோ மாங்காயோ சேர்த்த இனிப்புச் சட்னியும் அப்பளமும், முடிவில் தயிரும் இனிப்பும் என்று வரிசை போகும். சாம்பார், ரசம், மோர் என ஒவ்வொன்றாகச் சோற்றில் பிசைந்து உண்ணும் நமக்கு இந்த ஒழுங்கு புரியாமல் போக வழியில்லை. கடைப்பிடிக்க வேண்டியது ஒன்றே: ஒன்றை முடித்த பிறகு அடுத்ததை எடுங்கள். பருப்பையும் மீன் குழம்பையும் ஒன்றாகக் கலந்து பிசைந்தால் விருந்தளிப்பவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் மனம் வருந்துவார்.

கசப்பைப் பழக விரும்புகிறவர்கள் மாசி, பங்குனி மாதங்களில் தொடங்கலாம். அப்போது துளிர்க்கும் இளம் வேப்பிலையை மொறுமொறுப்பாக வறுத்து, கத்தரிக்காய் வறுவலோடு சேர்த்து முதல் உருண்டைச் சோற்றில் உண்கிறார்கள். அம்மை பரவும் பருவத்தில் வேப்பிலையும் முருங்கையும் காக்கும் என்பது இங்கும் பரம்பரை நம்பிக்கை. நமக்கு மாரியம்மன் எப்படியோ இவர்களுக்கு ஷீதளா தேவி அப்படி. சித்திரைப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடி செய்யும் வீட்டிலிருந்து வந்த எனக்கு, இந்த வேப்பிலை வறுவலைக் கண்டபோது ஊரின் நினைவு வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. கசப்பும் கீரையும் மதியத்தோடு சரி; இரவில் அவற்றை உண்பதில்லை. இரவில் கீரை ஆகாது என்று நம் பாட்டிமார் சொன்னதையே இந்த ஊர்ப் பாட்டிமாரும் சொல்கிறார்கள்.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

‘நிராமிஷ்’ என்ற சொல்லை வந்த முதல் வாரத்திலேயே கற்றுத் தருவார்கள். அதை ‘சைவம்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு நம்பிவிடாதீர்கள். அச்சொல் முதன்மையாகக் குறிப்பது வெங்காயம், பூண்டு, மீன், இறைச்சி சேராத சமையலைத்தான். ஆகவே நாம் தயங்காமல் உண்ணும் வெங்காயச் சாம்பார்கூட அந்தக் கணக்கில் நிராமிஷ் ஆகாது. அதே வேளையில், காளிக்குப் படைத்த ஆட்டிறைச்சியை வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சமைத்து, அதற்கு ‘நிராமிஷ் மாங்ஷோ’ என்று பெயர் சொல்வதும் இங்கே உண்டு. ஆகவே பெயரை நம்பாமல் பொருளைக் கேளுங்கள். ‘மாச், மாங்ஷோ, டிம் காயி நா’, அதாவது மீன், இறைச்சி, முட்டை உண்பதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுவதே நல்லது.

காய்கறிப் பெயர் கொண்ட உணவிலும் மீன் இருக்கலாம். சுரைக்காயிலும் வாழைப்பூவிலும் இறால் சேர்ப்பது வழக்கம். பசலைக்கொடியில் இலிஷ் மீனின் தலையைச் சேர்ப்பார்கள். விருந்துகளில் பாசிப்பருப்பில் மீன் தலை இருக்கும். எங்களோடு தங்கியிருந்த என் மாமியார் சைவம். ஒரு விருந்தில் சுரைக்காய்க் கூட்டு என்று பரிமாறியதை எடுத்து வாயருகே கொண்டுபோன பிறகே, அதில் இறால் இருப்பதைப் பக்கத்தில் இருந்தவர் பார்த்துச் சொன்னார். பரிமாறியவர் மீது குற்றமில்லை. நாங்கள் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் இதைக் கேட்டு வங்கத்தில் சைவர்களுக்கு ஒன்றுமில்லை என்று எண்ணினால், இந்த ஊரின் மிக நுட்பமான சமையலை இழந்துவிடுவீர்கள். பழங்காலத்தில் கைம்பெண்களுக்கு மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு மட்டுமல்லாமல் மைசூர்ப் பருப்பையும் விலக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கொடுமையான கட்டுப்பாட்டுக்குள் வாழ்ந்த பெண்கள், காய்த்தோலையும் தண்டையும் பூவையும்கூட வீணாக்காமல், இஞ்சி, சீரகம், கசகசா ஆகியவற்றைக் கொண்டே உருவாக்கிய உணவுகள்தாம் இன்று வங்கச் சைவச் சமையலின் பெரும் பகுதியாக இருக்கின்றன. உருளைக்கிழங்கைக் கசகசா விழுதில் வேகவைக்கும் ‘ஆலு போஸ்தோ’, கடலைப்பருப்பில் தேங்காய்ப் பற்களை வறுத்துப் போடும் ‘சோலார் டால்’, வாழைப்பூக் கூட்டு, வெள்ளைப் பூசணி ஆகியவற்றைத் தேடி உண்ணுங்கள். கசகசா விலை கூடுதலான பொருள். 100 கிராம் வாங்கி ஊறவைத்து நன்றாக அரைத்தால் ஒரு சிறு குடும்பத்துக்கு இரண்டு வேளைக்குக் காணும்.

மீன் சந்தையில்

கடற்கரையிலிருந்து வந்த எனக்கும் இங்கே மீன் வாங்கத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வங்காளிகள் பெரிதும் விரும்புவது ஆற்று மீனும் குளத்து மீனும்தான். வஞ்சிரமும் சங்கராவும் தேடி அலைவதைவிட ரூயி, காத்லா, பாப்தா, டாங்க்ரா ஆகியவற்றின் பெயர்களைக் கற்றுக்கொள்வது பயன் தரும். நன்னீர் மீனில் நமக்குப் பழகாத சேற்று வாடை சில வேளைகளில் இருக்கும். மஞ்சளும் உப்பும் தடவிக் கால் மணி நேரம் வைத்து, கடுகெண்ணெயில் வறுத்த பிறகே குழம்பில் சேர்க்கும் அவர்கள் முறையைக் கடைப்பிடித்தால் அது அகன்றுவிடும். புளிக்குழம்பு வைக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன்; ஆனால் ரூயி மீனுக்குச் சீரகமும் இஞ்சியும் சேர்த்த நீர்த்த குழம்பே பொருந்துகிறது.

பெரிய மீனை வெட்டும்போது முதுகுப் பக்கத் துண்டா, வயிற்றுப் பக்கத் துண்டா என்று கேட்பார்கள். முதுகுத் துண்டு காதா, வயிற்றுத் துண்டு பேட்டி. குழந்தைகள் உள்ள வீடானால் பேட்டியைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள முள் பெரிது, எளிதாக எடுத்துவிடலாம். இலிஷ் மீனை மட்டும் அவசரமாக உண்ணக் கூடாது. மயிரிழை போன்ற முள்கள் நிறைந்த மீன் அது. மழைக்காலத்தில் இந்த ஊரே அதற்காகக் காத்திருக்கும். விரல் நுனியால் சிறிது சிறிதாகப் பிரித்து, முள் இல்லை என்று உறுதியான பிறகு சோற்றோடு சேர்த்து உண்ணுங்கள். கரண்டியால் உண்ண முயலவே வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு முதல் ஆண்டு அதன் குழம்பை மட்டும் கொடுத்தால் போதும்.

நம் அடுப்பை விட்டுவிடாமல் இருக்க

கறிவேப்பிலைக் கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்துவிடுங்கள். இந்த ஊர் மண்ணும் ஈரமும் அதற்கு ஒத்துக்கொள்கின்றன. மாவு புளிக்கும் கணக்கு இங்கே மாறும்: கோடையிலும் மழைக்காலத்திலும் இரவிலும் வெப்பம் மிகுதியாக இருப்பதால் இரவு வைத்த மாவு விடியுமுன் பொங்கி வழிந்துவிடும், ஜனவரியில் இரவு வெப்பம் 14 டிகிரி அளவுக்கு இறங்கும்போது காலை எட்டு மணிக்கும் அசையாமல் இருக்கும். அப்போது வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, போர்வையைச் சுற்றி வையுங்கள். மோர் சாதத்துக்குத் தயிர் வாங்கும்போது ‘டோக் தோய்’, அதாவது புளித்த தயிர் என்று சொல்லி வாங்க வேண்டும். வெறுமனே தயிர் என்றால் சர்க்கரை சேர்த்துத் தோய்த்த ‘மிஷ்டி தோய்’ வந்துவிடக்கூடும். துவரம்பருப்பை அடஹர் என்று கேளுங்கள்.

நாள்களும் படையல்களும்

அழைப்பு வந்தால் தட்டாதீர்கள். போகும்போது ஒரு பெட்டி இனிப்பு வாங்கிச் செல்லுங்கள். துர்கா பூஜையின்போது குடியிருப்பில் எல்லோருக்கும் பரிமாறும் கிச்சடி, கலந்த காய்க்கூட்டு, வறுவல், சட்னி, பாயசம் ஆகியவை வெங்காயம் பூண்டு சேராதவை என்பதால் சைவர்களும் அச்சமின்றி உட்காரலாம். சில விலக்குகளையும் தெரிந்துகொள்வது நல்லது. சரஸ்வதி பூஜைக்கு முன் இலந்தைப் பழம் உண்பதில்லை. குழந்தைகள் கடையில் கண்டு கேட்டாலும் பொறுத்திருங்கள். பாத்ர மாதக் கடைசி நாளில், செப்டம்பர் நடுவில், பல வீடுகளில் அடுப்பு மூட்டாமல் முதல் நாள் சமைத்ததையே ஆறிய நிலையில் உண்பார்கள். அன்று விருந்துக்கு அழைத்தால் சூடாக ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் எல்லோரும் காத்திருக்கும் நாள் பௌஷ சங்கராந்தி. ஏறத்தாழ நம் பொங்கல் நாளிலேயே வரும் அன்று, அரிசிமாவில் தேங்காயும் வெல்லமும் பூரணமாக வைத்துச் செய்யும் ‘புலி பிட்டே’யைப் பார்க்கிற தமிழர் எவரும் கொழுக்கட்டை என்றே சொல்வார்கள். குளிர் மாதங்களில் மட்டும் ஈச்ச மரத்திலிருந்து இறக்கும் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் ‘நொலேன் குட்’ வெல்லத்தை அதற்குப் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் இப்போது சர்க்கரைப் பொங்கலைக் கோவிந்தபோக் அரிசியிலும் இந்த வெல்லத்திலுமே வைக்கிறோம். அரிசியும் பருப்பும் பாலில் குழைந்த பிறகு அடுப்பை அணைத்து, கொதி முற்றிலும் அடங்கியதும் கரைத்து வடிகட்டிய வெல்லத்தைச் சேர்க்க வேண்டும்; கொதிக்கும் பாலில் விட்டால் பால் திரிந்துவிடும். ஏலக்காயைப் பாதியாகக் குறையுங்கள், பச்சைக் கற்பூரம் வேண்டாம். அந்த வெல்லத்தின் புகை மணம் அவற்றில் அமிழ்ந்துவிடும். முதல் கிண்ணத்தைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன்; கிண்ணம் பிட்டேயோடு திரும்பி வருகிறது.